பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர்: மீட்டெடுத்த இயந்திரம் எழுந்து வேலை செய்கிறதா?

பேக்கப் மென்பொருள்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் இரண்டு எண்களைச் சுற்றியே அமைகின்றன: இரவில் பேக்கப் எடுத்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, எடுத்தது எவ்வளவு இடத்தில் அடங்குகிறது. சர்வரின் வட்டு செயலிழந்துபோன ஒரு காலையில், கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு மேல் அழைப்பாக வந்துகொண்டிருக்கும்போது, அந்த இரண்டு எண்களையும் யாரும் கேட்பதில்லை. நேற்றிரவு எடுத்து வைத்த மெய்நிகர் இயந்திரம் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் தனிக் கணினி போல ஓடுவது) எத்தனை மணிக்கு மறுபடி பூட் ஆகும், அதாவது தொடங்கி எழும், அதனுள் இருக்கும் தரவுத்தளம் எப்போது பதில் சொல்லத் தொடங்கும் என்றுதான் கேட்பார்கள். இந்த மதிப்புரையில் பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை அந்தக் கேள்வியைக் கொண்டே அளந்திருக்கிறேன். பேக்கப் எடுக்கும் வேகம், திரையின் அழகு முதலியவற்றை, மீட்டெடுப்பைத் தொடும் இடங்களில் மட்டுமே பேசுகிறேன்.

வியன்னாவில் இயங்கும் பிராக்ஸ்மாக்ஸ் நிறுவனம் 2008 முதல் பிராக்ஸ்மாக்ஸ் விஇ என்ற மெய்நிகராக்கத் தளத்தை வெளியிட்டு வருகிறது. டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தின் மேல், கேவிஎம் வகை மெய்நிகர் இயந்திரங்களையும், ஹோஸ்டின் (அவற்றைத் தாங்கி ஓட்டும் கணினியின்) இயங்குதளக் கருவையே பகிர்ந்துகொள்ளும் எல்எக்ஸ்சி கன்டெய்னர்களையும் ஓட்டும் தளம் அது. அதற்குத் துணையாக, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட பேக்கப் சர்வரின் முதல் முழுப் பதிப்பு 2020 நவம்பரில் வந்தது. டெபியன் 13ஐ அடிப்படையாகக் கொண்ட 4.0 பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளியானது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம், மெய்நிகராக்க மென்பொருள் தயாரிக்கும் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்திய பிறகு, சிறிய அலுவலகங்களும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் பிராக்ஸ்மாக்ஸை நாடி வருவதைப் பார்க்கிறோம். தளம் மாறுகிறவர்கள் இயந்திரங்களை இடம் மாற்றுவதில் செலுத்தும் கவனத்தை, அவற்றை மீட்டெடுப்பதில் செலுத்துவதில்லை என்பதும் இந்த மதிப்புரைக்கு ஒரு காரணம்.

மீட்டெடுப்பைச் சோதித்துப் பார்க்காத பேக்கப் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த ஒரு சான்று உண்டு. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையச் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் கொடுத்த கட்டளையால், நேரடிப் பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தின் ஏறத்தாழ 300 ஜிபி தரவு அழிந்தது. தினமும் ஓடியிருக்க வேண்டிய தரவுத்தளப் பேக்கப், மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் ஓடாமலே இருந்திருக்கிறது. அது தோல்வியுற்றதைத் தெரிவித்த மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. சோதனைச் சூழலுக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்தக் கணத்து வட்டின் நகல்) அவர்களைக் காப்பாற்றியது. அதைத் திரும்பக் கொண்டுவருவதற்கே பதினெட்டு மணி நேரம் அளவில் ஆயிற்று, ஏனெனில் அந்தச் சோதனைச் சூழலின் வட்டுகள் மெதுவானவை. நடந்ததை மறைக்காமல் முழுவதும் எழுதி வெளியிட்ட அந்த நிறுவனத்துக்கு இந்தத் துறையில் இருக்கும் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம். பேக்கப் இருக்கிறதா என்பதும், அது எவ்வளவு வேகமாகத் திரும்பி வரும் என்பதும் இரு வேறு கேள்விகள் என்பதை அந்த அறிக்கை தெளிவாகக் காட்டியது.

பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரின் மீட்டெடுப்பைப் புரிந்துகொள்ள, அது தரவைச் சேமிக்கும் முறையைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். மெய்நிகர் வட்டு ஒவ்வொன்றும் 4 எம்பி அளவுள்ள துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் ஓர் அடையாளம் கணக்கிடப்படுகிறது. அதே அடையாளமுள்ள துண்டு சர்வரில் ஏற்கெனவே இருந்தால் மறுபடி அனுப்பப்படுவதில்லை. ஒரு நாளின் பேக்கப் என்பது, எந்தெந்தத் துண்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் அன்றைய வட்டு கிடைக்கும் என்று சொல்லும் ஒரு பட்டியல் மட்டுமே. ஆகவே ஞாயிற்றுக்கிழமை முழுப் பேக்கப், மற்ற நாட்களில் அதன் மேல் மாற்றங்கள் என்ற பழைய சங்கிலி முறை இங்கே இல்லை. மூன்று மாதத்துக்கு முந்தைய நாளை மீட்டெடுப்பதும் நேற்றைய நாளை மீட்டெடுப்பதும் ஒரே வேலைதான்; இடையில் ஒரு கண்ணி அறுந்ததால் பின்னால் வந்தவை அனைத்தும் பயனற்றுப் போகும் அபாயமும் இல்லை.

இந்த அமைப்புக்கு ஒரு மறுபக்கம் உண்டு. பல நாட்களின் பேக்கப்புகள் ஒரே துண்டைப் பகிர்ந்துகொள்வதால், அந்த ஒரு துண்டு வட்டில் கெட்டுப்போனால், அதைச் சார்ந்த எல்லா நாட்களும் சேர்ந்தே பழுதாகின்றன. முப்பது நாட்களின் பேக்கப் திரையில் வரிசையாகத் தெரிவதை முப்பது தனித்தனிப் பிரதிகள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இதற்காகவே சரிபார்ப்புப் பணி என்ற வசதி தரப்பட்டிருக்கிறது. அது துண்டுகளைப் படித்து, அடையாளம் பொருந்துகிறதா என்று பார்த்து, கெட்ட துண்டைத் தனியே ஒதுக்கி வைக்கிறது. அந்தத் தரவு மூல இயந்திரத்தில் இன்னும் மாறாமல் இருந்தால், அடுத்த பேக்கப் அதைப் புதிதாக அனுப்பி இடத்தை நிரப்பிவிடும். ஒருமுறை சரிபார்த்ததை 30 நாட்களுக்குப் பின் மறுபடி சரிபார்ப்பது என்பதே இயல்பான அமைவு; அதை நீட்டிக்காமல் அப்படியே விட்டுவைப்பது நல்லது. இன்னொரு இடத்தில் இன்னொரு பேக்கப் சர்வரை வைத்து, அது இங்கிருந்து இழுத்துக்கொள்ளும்படி அமைத்தால்தான் இரண்டாவது பிரதி என்று உண்மையாகச் சொல்ல முடியும்.

இனி மீட்டெடுப்பு. சாதாரண முறை மிக எளிது. பிராக்ஸ்மாக்ஸ் விஇ திரையில் பேக்கப் சேமிப்பகத்தைத் திறந்து, வேண்டிய நாளைத் தேர்ந்தெடுத்து, எந்தச் சேமிப்பகத்துக்கு, எந்த எண்ணுள்ள இயந்திரமாக என்று சொன்னால் போதும். நினைவகம், செயலி எண்ணிக்கை, பெயர் ஆகியவற்றை அந்தப் பெட்டியிலேயே மாற்றிக்கொள்ளலாம். முன்பிருந்ததைவிடச் சிறிய ஹோஸ்டில் அவசரமாக ஓட்ட வேண்டியிருக்கும்போது இது பெரிய உதவி. ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இயந்திரத்தின் சொந்தப் பக்கத்திலுள்ள பேக்கப் பகுதியிலிருந்து மீட்டெடுத்தால், அது இப்போது இருக்கும் இயந்திரத்தின் மேலேயே எழுதும். இருக்கிற வட்டு அழிந்துவிடும். திரை எச்சரிக்கை காட்டினாலும், பதற்றத்தில் இருப்பவர் எச்சரிக்கைகளைப் படிப்பதில்லை. சேமிப்பகத்தின் பக்கத்திலிருந்து புதிய எண்ணில் மீட்டெடுப்பதையே வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழுதான இயந்திரத்திலிருந்தும் பிறகு ஏதாவது எடுக்க வேண்டி வரலாம்.

நேரம் எவ்வளவு ஆகும் என்பது முதலில் நெட்வொர்க்கின் கணக்கு. நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் நொடிக்கு 118 எம்பி அளவுதான் போகும். 500 ஜிபி தரவு திரும்பி வர 70 நிமிடத்துக்கு மேல் ஆகும், 2 டிபி வர நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். துண்டுகள் சுருக்கப்பட்டே பயணிப்பதாலும், வெற்றுத் துண்டுகள் அனுப்பப்படாததாலும் உண்மையான நேரம் இதைவிடக் குறையலாம். ஆனால் திட்டமிடும்போது அந்தக் குறைவை நம்பக் கூடாது. இணைப்பை 10 கிகாபிட்டாக உயர்த்தினால் நெருக்கடி வட்டுக்கு மாறுகிறது. 500 ஜிபி வட்டில் ஏறத்தாழ 1,20,000 துண்டுகள் இருக்கும். அவை சர்வரின் வட்டில் வரிசையாக இருப்பதில்லை. பல நாட்களில் பல இடங்களில் எழுதப்பட்டுச் சிதறிக் கிடக்கும். ஒரு துண்டைத் தேடி ஹார்ட் டிஸ்கின் முனை நகர்வதற்கு 10 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டாலும், தேடுவதற்கு மட்டுமே 20 நிமிடம் போய்விடுகிறது.

பேக்கப் சேமிப்புக்கு எஸ்எஸ்டி பயன்படுத்துங்கள், முடியாவிட்டால் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் மெட்டாடேட்டாவுக்காவது (எது எங்கே இருக்கிறது என்ற குறிப்புகளுக்காவது) தனி எஸ்எஸ்டி வையுங்கள் என்று நிறுவனத்தின் ஆவணம் சொல்வது இதனால்தான். பேக்கப் எடுப்பதற்கு மலிவான, பெரிய, மெதுவான வட்டுகள் போதும் என்று கொள்முதல் செய்கிறவர்கள் நினைப்பது இயல்பு. பேக்கப் எடுக்கும்போது அது உண்மையாகவும் தோன்றும், ஏனெனில் தினமும் போவது மாறிய துண்டுகள் மட்டுமே. முழு வட்டையும் ஒரே மூச்சில் கேட்கும் நாளில்தான் அந்தச் சிக்கனத்தின் விலை தெரியவரும்.

இந்த மென்பொருளின் சிறப்பு அம்சமாக நான் கருதுவது லைவ் ரீஸ்டோர். 2021இல் பிராக்ஸ்மாக்ஸ் விஇ 6.4 பதிப்போடு வந்த வசதி இது. மீட்டெடுக்கும் பெட்டியில் அதற்கான கட்டத்தைக் குறித்துவிட்டால், வட்டு முழுவதும் வந்து சேரும்வரை காத்திருக்காமல், வெறும் வட்டு ஒன்றை உருவாக்கி, இயந்திரத்தை உடனே இயக்கிவிடுகிறது. பூட் ஆகும்போது இயங்குதளம் எந்தப் பகுதியைக் கேட்கிறதோ, அந்தத் துண்டு பேக்கப் சர்வரிலிருந்து முதலில் வருகிறது. கேட்காத பகுதிகள் பின்னணியில் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. ஒருமுறை வந்த பகுதி உள்ளூர் வட்டில் தங்கிவிடுவதால், இரண்டாம் முறை படிக்கும்போது தாமதம் இல்லை. புதிதாக எழுதப்படுவது நேராக உள்ளூர் வட்டுக்கே போகிறது என்பதால் எழுதும் வேகமும் பெரிதாகக் குறைவதில்லை. பின்னணி வேலை முடிந்ததும் இயந்திரம் எந்த இடைநிறுத்தமும் இல்லாமல் சாதாரண இயந்திரமாகிவிடுகிறது.

இது எத்தகைய மாற்றம் என்பதை எண்களால் சொல்வதைவிட, எந்த வகை இயந்திரத்துக்குப் பொருந்தும் என்று சொல்வதே பயன்தரும். ஓர் இணையச் சர்வரோ கோப்புச் சர்வரோ 2 டிபி வட்டை வைத்திருந்தாலும், எழுந்து நிற்பதற்கு அதில் சில ஜிபி மட்டுமே தேவை. மற்றதெல்லாம் யாராவது கேட்டால் மட்டும் படிக்கப்படும் பழைய கோப்புகள். அத்தகைய இயந்திரங்கள், முழு மீட்டெடுப்பு முடிவதற்கு மணிக்கணக்கில் மிச்சமிருக்கும்போதே, நிமிடங்களில் பயன்பாட்டுக்கு வந்துவிடுகின்றன. இதை முதன்முறை பார்க்கும் நிர்வாகிகளின் முகத்தில் தெரியும் நிம்மதியை நான் கண்டிருக்கிறேன். அது நியாயமான நிம்மதிதான். பெரிய தரவுத்தளத்தின் நிலை வேறு. தொடங்கியவுடனே அட்டவணைகளை முழுவதும் படிக்கும் அறிக்கைகள் ஓடினால், ஒவ்வொரு படிப்பும் நெட்வொர்க்கைத் தாண்டிப் போய் வர வேண்டியிருப்பதால், பயனர்கள் அதை வேலை செய்யாத இயந்திரமாகவே உணர்வார்கள். அங்கே முதலில் எழுப்பிவிட்டு, அத்தியாவசியமான பதிவுகளை மட்டும் அனுமதித்து, கனமான அறிக்கைகளைப் பின்னணி வேலை முடியும்வரை நிறுத்தி வைப்பதே சரியான நடைமுறை.

இந்த வசதியில் ஓர் உண்மையான ஆபத்து இருக்கிறது. விளம்பரங்களில் அது முன்னால் வைக்கப்படுவதில்லை என்றாலும், ஆவணத்தில் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கிறது. லைவ் ரீஸ்டோர் நடுவில் தோல்வியடைந்தால், அதாவது நெட்வொர்க் அறுந்தாலோ, பேக்கப் சர்வர் நின்றாலோ, ஹோஸ்டுக்கு மின்சாரம் போனாலோ, இயந்திரம் அரைகுறை நிலையில் நின்றுவிடும்; அந்த இடைவேளையில் பயனர்கள் உள்ளிட்ட புதிய தரவையும் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. காலை 9 மணிக்கு எழுப்பிய இயந்திரத்தில் பதினொன்றரை மணிவரை பதிவான ரசீதுகள் அத்தனையும் போகக்கூடும் என்பதே இதன் பொருள். ஆகவே லைவ் ரீஸ்டோர் நடக்கும் நேரத்தில் பேக்கப் சர்வரை மறுதொடக்கம் செய்வது, சுவிட்சை மாற்றுவது, யுபிஎஸ் இல்லாமல் ஓட்டுவது ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். தரவுத்தளம் உள்ள இயந்திரம் என்றால், எழுந்தவுடனே தரவுத்தளத்தின் சொந்தப் பேக்கப் கருவியால் வேறொரு இடத்துக்கு அடிக்கடி ஒரு பிரதி எடுத்துக்கொண்டே இருக்கலாம். பண விவகாரம் ஓடும் இயந்திரத்துக்கு, முழு மீட்டெடுப்புக்கான ஒரு மணி நேரத்தைக் கொடுக்க முடியுமானால், அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிடுவதே மேல் என்றுதான் நான் பரிந்துரைப்பேன்.

இந்த எண்ணத்தைப் பரவலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது பேக்கப் மென்பொருள் தயாரிக்கும் வீம் நிறுவனம் என்பதையும் சொல்ல வேண்டும். 2010இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு, விஎம்வேர் இயந்திரத்தைப் பேக்கப் கோப்பிலிருந்தே நேராக ஓட்டிக் காட்டியது. இரண்டின் அணுகுமுறையும் வேறு. வீமில் இயந்திரம் பேக்கப் சர்வரின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். உரிய சேமிப்பகத்துக்கு மாற்றுவது நிர்வாகி பிறகு செய்யும் தனி வேலை. வேண்டாமென்றால் மாற்றங்களோடு சேர்த்துக் கைவிட்டுவிடலாம். பிராக்ஸ்மாக்ஸில் இயக்கிய நொடியிலிருந்தே தரவு உள்ளூர் வட்டுக்கு வந்துகொண்டிருக்கும். நிரந்தரமாக மீட்டெடுப்பவருக்குப் பிராக்ஸ்மாக்ஸின் வழி நேர்த்தியானது. இரண்டாவது படி என்று ஒன்று இல்லை. வெறுமனே பூட் ஆகிறதா என்று பார்க்க விரும்புகிறவருக்கு அது வீண் சுமை. அதற்கும் சேமிப்பகத்தில் இடம் ஒதுக்க வேண்டும், பார்த்து முடித்ததும் அழிக்க வேண்டும். தரவு இறங்காமல் பேக்கப்பின் மேலேயே தற்காலிகமாக ஓட்டிப் பார்க்கும் ஒரு வழியைத் திரையிலேயே தந்திருக்கலாம். லைவ் ரீஸ்டோர் கன்டெய்னர்களுக்கு இல்லை என்பதையும் திட்டமிடுகிறவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவை முழுவதும் வந்த பிறகே தொடங்கும்.

தரவு திரும்பி வந்துவிட்டது என்பதாலேயே இயந்திரம் பூட் ஆகிவிடும் என்று சொல்வதற்கில்லை. இந்த இடத்தில்தான் நடைமுறையில் நேரம் அதிகமாகப் போகிறது. பேக்கப் மென்பொருளைக் குறைசொல்லவும் முடியாத இடம் இது. பேக்கப்பில் இயந்திரத்தின் அமைவுக் கோப்பும் சேர்ந்தே வருகிறது. பழைய ஹோஸ்டின் உள்ளூர்ச் சேமிப்பகத்தில் இருந்த ஓர் ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவல் வட்டின் நகல்) அந்த அமைவில் சிடி டிரைவாக இணைக்கப்பட்டே இருந்தால், புதிய ஹோஸ்டில் அந்தக் கோப்பு இல்லையென்று இயந்திரம் தொடங்க மறுக்கும். இயங்குதளம் நிறுவிய அன்று இணைத்த ஐஎஸ்ஓ பல ஆண்டுகள் அப்படியே கிடப்பது வெகு சாதாரணம். இயந்திரங்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள் சுவிட்சான பிரிட்ஜின் பெயர் மாறியிருந்தாலும் இதே கதைதான். நேரடியாக இணைக்கப்பட்ட பிசிஐ அட்டை புதிய ஹோஸ்டில் இல்லையென்றாலும் தொடங்காது. ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தில் சரிசெய்யக்கூடியதே. ஆனால் எது காரணம் என்று அறியாமல் நிற்கும் நிமிடங்கள் நீளமானவை. ஹோஸ்டுகள் எல்லாவற்றிலும் பிரிட்ஜ்களுக்கு ஒரே பெயர் வைப்பதும், தேவை முடிந்த ஐஎஸ்ஓவை அன்றே கழற்றிவிடுவதும் மீட்டெடுப்பு நாளுக்கான முன்னேற்பாடுகள்.

இதற்கு அடுத்த கட்டம் இயங்குதளம். விண்டோஸ் இயந்திரத்தின் வட்டுக் கன்ட்ரோலரை, வேகத்துக்காக என்று எண்ணி, மீட்டெடுக்கும்போது பழைய ஐடிஇ வகையிலிருந்து மெய்நிகர் இயந்திரங்களுக்கான விர்ட்ஐஓ வகைக்கு மாற்றினால், அதற்கான டிரைவர் உள்ளே இல்லாத நிலையில் பூட் வட்டை அணுக முடியவில்லை என்ற நீலத்திரையில் நின்றுவிடும். மீட்டெடுக்கும் நாள் வன்பொருள் அமைவை மேம்படுத்தும் நாள் அல்ல. இருந்தபடியே எழுப்ப வேண்டும். யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் நிறுவிய இயந்திரத்துக்கு, பூட் விவரங்களைத் தாங்கும் சிறிய இஎஃப்ஐ வட்டும், விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கரைப் பயன்படுத்தினால், அதன் சாவியைக் காக்கும் டிபிஎம் சில்லின் நிலையைத் தாங்கும் வட்டும் பேக்கப்பில் இடம்பெற்றிருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். பிட்லாக்கரின் மீட்புச் சாவியை அந்த இயந்திரத்துக்கு வெளியே வைத்திருப்பது கட்டாயம்.

அதற்கும் அடுத்தது தரவின் நிலை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் பேக்கப், உள்ளே கியூஎம்யு கெஸ்ட் ஏஜென்ட் என்ற, ஹோஸ்டோடு பேசும் துணை நிரல் நிறுவப்படவில்லையென்றால், அந்த நொடியில் மின்சாரம் அறுந்தது போன்ற நிலையில்தான் வட்டைப் பிடிக்கிறது. போஸ்ட்கிரெஸ், இன்னோடிபி போன்ற தரவுத்தள மென்பொருள்கள் தம் பதிவேட்டைக் கொண்டு அதிலிருந்து எழுந்துவிடும்படி வடிவமைக்கப்பட்டவை. பழைய கணக்கு மென்பொருள்கள் சில, தரவை வெறும் கோப்புகளில் நேராக எழுதுகின்றன; அவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏஜென்ட் நிறுவப்பட்டிருந்தால், பேக்கப் தொடங்கும் கணத்தில் கோப்பு முறைமை உறையவைக்கப்படுகிறது. விண்டோஸில் விஎஸ்எஸ் என்ற ஸ்னாப்ஷாட் சேவை வழியாக மென்பொருள்களுக்கும் தகவல் போகிறது. இந்தச் சிறிய நிரலை ஒவ்வோர் இயந்திரத்திலும் நிறுவி, அமைவில் இயக்கிவைக்காமல் பேக்கப் திட்டம் முழுமையடையாது.

பயனர்களையும் கணினிகளையும் ஒரே டொமைனாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரியை வைத்திருக்கும் அலுவலகங்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். அந்த டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் பழைய நிலைக்குத் திரும்பியதை அதற்குத் தெரிவிக்கும் அடையாள எண்ணை, மீட்டெடுக்கும்போது பிராக்ஸ்மாக்ஸ் புதிதாக உருவாக்குகிறது. விண்டோஸ் சர்வர் 2012 முதலான பதிப்புகள் அதைப் புரிந்துகொண்டு, மற்ற கன்ட்ரோலர்களோடு முரண்படாமல் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. இது சரியாகச் செய்யப்பட்ட நுட்பமான வேலை. மற்ற உறுப்பினர் இயந்திரங்களோ தம் கடவுச்சொல்லை இயல்பாக 30 நாட்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கின்றன. அதனால் வெகு பழைய நாளிலிருந்து மீட்டெடுத்த சர்வர் நன்றாகப் பூட் ஆகியும் டொமைனில் நுழைய முடியாமல் நிற்கலாம். அதற்கு உள்ளூர் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் கையில் இருந்தால்தான் வழி உண்டு.

இவை அனைத்தையும் முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரே வழி, அவ்வப்போது மீட்டெடுத்துப் பூட் செய்து பார்ப்பது. இங்கேதான் இந்த மென்பொருளின் பெரிய குறை தெரிகிறது. சரிபார்ப்புப் பணி பச்சைக் குறி காட்டினால், எழுதிய துண்டுகள் எழுதியபடியே இருக்கின்றன என்றுதான் பொருள். இயந்திரம் பூட் ஆகும் என்று பொருள் அல்ல. பேக்கப் எடுப்பதற்கு முன்பே உள்ளே கோப்பு முறைமை சிதைந்திருந்தால், அந்தச் சிதைவும் பத்திரமாகச் சேமிக்கப்பட்டு, பத்திரமாகச் சரிபார்க்கப்பட்டிருக்கும். வீமில் ஷ்யூர்பேக்கப் என்ற வசதி, இயந்திரங்களைத் தனிமைப்படுத்திய நெட்வொர்க்கில் தானே எழுப்பி, பதில் வருகிறதா, உள்ளே இருக்கும் சேவை இயங்குகிறதா என்று பார்த்து அறிக்கை அனுப்புகிறது. பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரில் அதற்கு இணையாக எதுவும் உள்ளமைந்து வருவதில்லை. எந்த இயந்திரம் கடைசியாக எந்தத் தேதியில் பூட் செய்து பார்க்கப்பட்டது என்ற ஒரு நெடுவரிசையைத் திரையில் காட்டினாலே நிர்வாகிகளின் பழக்கம் மாறும் என்று நான் நம்புகிறேன்.

அந்த வசதி வரும்வரை கையாலோ சிறு ஸ்கிரிப்ட் எழுதியோ செய்துகொள்ள வேண்டியதுதான். பிராக்ஸ்மாக்ஸின் கட்டளைகள் அதற்குப் போதுமானவை. மீட்டெடுக்கும்போது தனித்துவம் என்ற கட்டத்தைக் குறித்தால் நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரி புதிதாகும். அது மட்டும் போதாது: உள்ளே ஐபி முகவரி நிலையாக அமைக்கப்பட்டிருந்தால், மீட்டெடுத்த பிரதி மூல இயந்திரத்தின் முகவரியோடு மோதும், அல்லது அதே பெயரில் மின்னஞ்சல்களையும் பில்களையும் இரண்டாம் முறை அனுப்பத் தொடங்கும். ஆகவே மீட்டெடுத்தவுடன் இயக்கும் கட்டத்தைக் குறிக்காமல் விட்டு, எந்த வன்பொருளோடும் இணைக்கப்படாத ஒரு தனி பிரிட்ஜுக்கு அட்டையை மாற்றிய பிறகே இயக்க வேண்டும். பிறகு கெஸ்ட் ஏஜென்ட் பதில் சொல்கிறதா என்று கேட்டு, தரவுத்தளத்தில் நேற்றைய கடைசிப் பதிவு இருக்கிறதா என்று பார்த்து, ஆன நேரத்தைக் குறித்துக்கொண்டு அழித்துவிடலாம். அந்த நேரக் குறிப்பு, நிர்வாகம் எவ்வளவு நேரத்தில் மீளும் என்று கேட்கும்போது, ஊகத்துக்குப் பதிலாகச் சொல்லக்கூடிய எண்ணாகிறது.

ஒரே ஒரு கோப்பு மட்டும் வேண்டுமென்றால் இவ்வளவும் தேவையில்லை. பேக்கப்பினுள் நுழைந்து கோப்புகளைத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளும் வசதி திரையிலேயே இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. 4.0 பதிப்பில் முன்னோட்டமாக வந்த எஸ்3 மேகச் சேமிப்பை, மீட்டெடுப்பு நேரம் முக்கியமான இயந்திரங்களுக்கு முதல் பிரதியாக வைப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. இரண்டாம் பிரதிக்கு அது பொருந்தும்.

எல்லாம் ஒரே நாளில் போய்விடும் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தபோது, பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரைப் பொறுத்தவரை, ஹோஸ்டுகள் முழுவதும் போனாலும், புதிதாக ஒன்றை நிறுவி, பேக்கப் சர்வரின் முகவரி, கணக்கு, அதன் சான்றிதழின் கைரேகை எண், டேட்டாஸ்டோரின் (பேக்கப்புகள் தங்கும் சேமிப்பிடத்தின்) பெயர் ஆகியவற்றைக் கொடுத்தால் பேக்கப்புகள் அனைத்தும் திரையில் வந்து நிற்கும். பேக்கப் சர்வரே போய், அதன் வட்டுகள் மட்டும் தப்பியிருந்தால், புதிய சர்வரில் அந்த வட்டுகளைப் பொருத்தி, ஏற்கெனவே உள்ள டேட்டாஸ்டோரைப் பயன்படுத்து என்று சொல்லலாம், 3.3 பதிப்பிலிருந்து இது திரையிலேயே முடிகிறது. பேக்கப் சர்வரையே அதே ஹோஸ்டின் மேல் ஒரு மெய்நிகர் இயந்திரமாக ஓட்டி, அதன் வட்டையும் அங்கேயே வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி எதுவும் இல்லை.

குறியாக்கம் செய்தவர்களுக்கு ஒரு கூடுதல் கடமை உண்டு. பேக்கப்பை ஹோஸ்டிலேயே பூட்டி அனுப்பும் முறை சிறந்தது. பேக்கப் சர்வரைத் திருடினாலும் தரவைப் படிக்க முடியாது. ஆனால் அந்தச் சாவி ஹோஸ்டின் அமைவுக் கோப்புறையில்தான் தங்குகிறது. வீட்டைப் பூட்டி, சாவியை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது போல, ஹோஸ்ட் அழியும்போது சாவியும் அழியும். சாவி இல்லையென்றால் நிறுவனத்தாலும் யாராலும் திறக்க முடியாது. காகிதத்தில் அச்சிட்டு வைக்கும் வசதியும், முதன்மைச் சாவி என்ற இரண்டாம் பாதுகாப்பும் தரப்பட்டுள்ளன. குறியாக்கத்தை இயக்கிய அன்றே அச்சிட்டு, வேறு கட்டடத்தில் வைத்துவிட வேண்டும். ஹோஸ்டின் சொந்த அமைவுகளை, அதாவது நெட்வொர்க், சேமிப்பக விவரங்கள், பயனர் உரிமைகள் ஆகியவற்றை, இயந்திரங்களின் பேக்கப் தானாகச் சேர்த்துக்கொள்வதில்லை என்பதால், அவற்றையும் தனியே பிரதி எடுக்க வேண்டும்.

விலை பற்றிச் சில வார்த்தைகள். ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வரும் இந்த மென்பொருளில் பணம் கட்டாதவர்களுக்கு என்று எந்த வசதியும் பூட்டி வைக்கப்படவில்லை; லைவ் ரீஸ்டோர் உட்பட அனைத்தும் திறந்தே கிடைக்கின்றன. ஆண்டுச் சந்தா ஒரு பேக்கப் சர்வருக்கு என்ற கணக்கில் அமைகிறது; எத்தனை இயந்திரங்கள், எத்தனை டிபி என்று எண்ணுவதில்லை. சந்தா கட்டினால் நன்கு சோதிக்கப்பட்ட மேம்பாடுகளும், உயர்நிலைச் சந்தாக்களில் நிறுவனத்தின் நேரடி உதவியும் கிடைக்கும். அந்த உதவி ஆஸ்திரிய வேலைநாட்களின் வேலைநேரத்துக்கு உட்பட்டது. இந்திய, இலங்கை நேரத்துக்கு அது பருவத்தைப் பொறுத்து மூன்றரை அல்லது நாலரை மணி நேரம் பின்தங்கியது. சனிக்கிழமையும் காலை 8 மணியிலிருந்து ஓடும் ஓர் அலுவலகம், முதல் சில மணி நேரத்துக்குத் தன் ஆட்களையே நம்பியிருக்க வேண்டும்.

பிராக்ஸ்மாக்ஸ் விஇ பயன்படுத்துகிறவர்கள் இதைத் தவிர்க்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. பேக்கப்பைச் சாதாரண நெட்வொர்க் சேமிப்பகத்தில் கோப்பாகப் போட்டு வைக்கும் பழைய முறையிலிருந்து மாறுவதற்கு லைவ் ரீஸ்டோர் ஒன்றே போதும். விஎம்வேரோ மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியோ கலந்து ஓடும் இடங்களுக்கு இது பொருந்தாது, ஏனெனில் இதிலிருந்து நேராக எழுப்ப முடிவது பிராக்ஸ்மாக்ஸில் மட்டுமே. மீட்டெடுப்பு ஒத்திகை நடந்ததற்கான சான்றைத் தணிக்கையாளர்கள் கேட்கும் நிறுவனங்கள், தானியங்கிப் பூட் சோதனையும் அறிக்கையும் தரும் வீம் போன்றவற்றை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2024 ஆகஸ்டில் வந்த 12.2 பதிப்பு முதல் வீமும் பிராக்ஸ்மாக்ஸ் இயந்திரங்களின் பேக்கப்பை ஆதரிக்கிறது. மற்றவர்கள் பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை எஸ்எஸ்டி வட்டுகளோடும் 10 கிகாபிட் இணைப்போடும் தனி வன்பொருளில் நிறுவி, அன்றே ஓர் இயந்திரத்தைப் புதிய எண்ணில் மீட்டெடுத்து, தனி பிரிட்ஜில் எழுப்பிப் பார்த்த பிறகு பயன்பாட்டுக்குக் கொண்டுவரலாம்.